தலைக்கு ஊற்றக் கூடாத மூன்று நாள்

என் தலைமுடிக்கு இத்தனை பேர் பொறுப்பு என்று அந்தப் புரட்டாசி வரைக்கும் எனக்குத் தெரியாது. ஓட்டல் மேனேஜர் ஒரு பக்கம் இழுத்தார், சலூன்காரி ஒரு பக்கம் இழுத்தாள், மாமியார் ஒரு பக்கம் இழுத்தார். தலை மட்டும்தான் என்னுடையது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் ஆறின பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையில் ஒரு ஓட்டலில் எனக்கு வேலை. சேர்ந்த நாளிலிருந்து பின்கட்டில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருந்தேன். ரூம் இருக்கிறதா, வெந்நீர் வருமா, மலைக்கு முதல் பஸ் எப்போது, நாள் முழுக்க இதே கேள்விகள்தான். நான் ஆந்திராவும் தமிழ்நாடும் கர்நாடகாவும் முட்டிக்கொள்ளும் குப்பம் என்ற ஊர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் ஒரு சண்டை தமிழில் ஆரம்பித்து தெலுங்கில் வளர்ந்து கன்னடத்தில் முடியும். அதனால் மூன்று மொழியும் யாரும் சொல்லித்தராமலே எனக்கு வந்துவிட்டது. வேலூர்க்காரர் பேசினாலும் கோலார்க்காரர் பேசினாலும் அவரவர் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி பதில் சொல்வேன். போனில் என்னோடு பேசிவிட்டு நேரில் வந்து, அந்தப் பொண்ணு எங்கே என்று விசாரித்தவர்கள் உண்டு. உள்ளே இருக்கிறாள் என்று சொல்லி ரூம் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு வேண்டியது அந்த வரவேற்பு மேஜை. அங்கே வெளிச்சம் இருக்கிறது, வருகிறவர்களின் முகம் தெரியும், சம்பளமும் கொஞ்சம் மேல். ஆவணிக் கடைசியில் அங்கே இருந்த பெண் கல்யாணமாகி பெங்களூருக்குப் போனாள். அன்றைக்கே நான் மேனேஜர் அறைக்குப் போய் அந்த இடத்தைக் கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. தெலுங்குக்காரர், என்னோடு பேசும்போது தமிழையும் கலந்துகொள்வார். "லாங்வேஜஸ் எல்லாம் சூப்பர் அம்மா. புரட்டாசி ரெண்டாவது சனிக்கிழமை போனதும் மண்டே நீங்களே உக்காருங்க. ஹேர் மாத்ரம் கொஞ்செம் செட் சேஸுகோண்டி" என்றார். முடியை மட்டும் சரி பண்ணிக்கொள்ள வேண்டுமாம். கொண்டை போட்டுக்கொள்கிறேன் என்றேன். கொண்டை போட்டாலும் நெற்றி ஓரத்தில் கிளம்பி நிற்கிறதே, கெஸ்ட் பார்த்தால் இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி இருக்கும் என்றார். இதைச் சொன்னவர் தலையில் இடது காதோரம் கொஞ்சம் முடி இருந்தது. அதையே நீளமாக வளர்த்து வலது காது வரை இழுத்துப் படியவைத்திருந்தார்.

என் முடி நைனாவின் முடி, அதாவது அப்பாவின் முடி. சுருட்டை என்று சொன்னால் அழகாக இருக்குமே என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். இது அந்த ரகம் இல்லை. ஒவ்வொரு முடியும் தனித்தனியாக முடிவெடுத்துக்கொண்டு தனக்குப் பிடித்த திசையில் கிளம்பும். எண்ணெயைக் கொட்டி இழுத்துப் பின்னினால் பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரை அடங்கியிருக்கும், இரண்டாவது பீரியடில் மறுபடி எழுந்துவிடும். நைனா கிரானைட் குவாரியில் வேலை செய்தவர். இதே முடியோடு, அதன்மேல் கல்தூளும் படிந்து, ஊரெல்லாம் நடந்தார். தலையைப் படிய வாரிக்கொண்டு வா என்று அவரை ஒரு ஆள் சொன்னதில்லை. அதே முடி பெண் தலையில் முளைத்ததும் எல்லாருக்கும் வாய் வந்துவிட்டது.

எனக்குக் கோபம்தான். ஆனால் மேஜை வேண்டுமே. அந்த வாரமே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சலூனுக்குப் போனேன். கூலிங்கான காற்றும் ஒரு இனிப்பு வாசனையும் வந்து முகத்தில் அடித்தன. அங்கிருந்தவள் என்னை உட்காரவைத்து, என் முடியில் ஒரு கொத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். சாக்கடை ஜல்லடையில் சிக்கினதை எடுக்கும்போது நாம் அப்படித்தான் தூக்குவோம்.

"கெரட்டின் பண்ணிக்கலாம் மேம், மூணு நாலு மாசம் நிக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா போயிடும். ஸ்மூத்தனிங்னா பண்ண முடி அப்பிடியே நேரா நிக்கும், வேர்ல புதுசா வர்றது மட்டும் உங்க முடியா வரும். போடாக்ஸ்னா ஷைனிங் வரும் மேம்."

"ஊசி போடுவீங்களா?"

"அய்யோ, ஊசியெல்லாம் இல்ல மேம். பேருதான் அது."

"ஊசியே இல்லாததுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

அவள் சிரித்துவிட்டு அடுத்த கொத்தைத் தூக்கினாள். நான் கேட்க வந்தது ஒரே கேள்வி. இந்த மூன்றில் எது என் முடியைக் கெடுக்காது? எப்படி மாற்றி மாற்றிக் கேட்டாலும், எல்லாமே சேஃப் மேம் என்ற ஒரே பதில்தான் வந்தது. எல்லாமே சேஃப் என்றால் எதற்கு மூன்று வைத்திருக்கிறீர்கள்? எங்கள் தெருமுனை பியூட்டி பார்லர் அக்காவைக் கேட்டேன். கெரட்டின் பண்ணினால் முடி கொட்டும், ஸ்மூத்தனிங் பண்ணினால் முடி செத்துவிடும், என்னிடம் வா, நான் ஹேர் ஸ்பா பண்ணிவிடுகிறேன் என்றார். போனைத் திறந்தால் ஒருத்தி கெரட்டினால் தன் வாழ்க்கையே மாறிவிட்டது என்று ஆனந்தக் கண்ணீர் விடுகிறாள், அடுத்தவள் அதே கெரட்டினால் போன முடியைக் கையில் வைத்துக்கொண்டு நிஜக் கண்ணீர் விடுகிறாள். வீட்டுக்காரரைக் கேட்டேன். அவருக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை, இருட்டில் கம்பெனி பஸ் ஏறிப் போய் இருட்டில் வருகிறவர். "எதுனா ஒண்ணு பண்ணிக்கோயேன்" என்றார். உதவிக்கு வந்தவர்கள் இவ்வளவுதான்.

இரண்டாவது முறை சலூனுக்குப் போனபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்ணுக்குக் கெரட்டின் நடந்துகொண்டிருந்தது. இஸ்திரி மாதிரி ஒன்றை வைத்து முடியை இழுக்க இழுக்கப் புகை கிளம்பியது. எனக்கே கண் எரிந்தது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தாள். வேலை செய்தவள் முகத்தில் மாஸ்க் இருந்தது. அவள் தலைக்கு மேலே சுவரில், கெமிக்கலே இல்லாத கெரட்டின் என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். கெமிக்கல் இல்லையென்றால் உனக்கு எதற்கு மாஸ்க் என்று கேட்டேன். நாங்க டெய்லி பண்றதால மேம் என்றாள். உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு மாஸ்க் கொடுக்கத் தோன்றவில்லை. கெரட்டின் வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். போடாக்ஸ் கேட்டால், உங்க முடிக்கு அது பத்தாது மேம் என்றாள். கடைசியில் ஸ்மூத்தனிங்தான் மிச்சம் இருந்தது. இதைத்தான் அவர்கள் நாமே தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறார்கள்.

அந்த இரண்டாவது சனிக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை பண்ணிக்கொண்டேன். பாதி நாள் போனது. ஒரு க்ரீம் தடவி அலசி, சூடு வைத்து இழுத்து, இன்னொரு க்ரீம் தடவி மறுபடி அலசினார்கள். இடது காது மடலில் ஒரு இடம் சுட்டுவிட்டது, சாரி மேம் என்றாள். எல்லாம் முடிந்து கண்ணாடியைப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பிடித்திருந்தது. முடி தோளில் வழுக்கி விழுந்தது. தலையை ஆட்டினால் அதுவும் ஆடி, பிறகு அதே இடத்தில் வந்து நின்றது. பிறந்ததிலிருந்து என் பேச்சைக் கேட்காத முடி அது. வரவேற்பு மேஜையில் நான் உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். "மூணு நாள் தலைக்குத் தண்ணி படக் கூடாது மேம். கட்டக் கூடாது, க்ளிப் போடக் கூடாது, காதுக்குப் பின்னால ஒதுக்கக் கூடாது. வேர்க்கவும் கூடாது."

"வேர்க்கக் கூடாதா? திருப்பதியிலயா?"

"ஏசியில இருங்க மேம்."

நாளை மறுநாள் புரட்டாசி சனிக்கிழமை என்றேன். அப்படியா மேம், ஹேப்பி புரட்டாசி என்றாள். பெருமாள் ஊரில் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு, புரட்டாசியில் தலைக்கு ஊற்றாமல் ஒரு வீடும் இருக்காது என்பது தெரியாதா? முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வாரம் தள்ளி வந்திருப்பேன். இல்லை, வந்திருக்க மாட்டேன், திங்கட்கிழமை மேஜையில் உட்கார வேண்டுமே. ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தூரில் மாமியார் வீட்டுக்குப் போனோம். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அங்கே தளிகை போடுவது வழக்கம். தலைக்கு ஊற்றிக்கொண்டு, நாமம் போட்டு, சோறும் குழம்பும் வடையும் பொங்கலும் ஆக்கி, பெருமாளுக்கு இலையில் குவித்துப் படைத்து, கோவிந்தா போட்ட பிறகுதான் வீட்டில் எல்லாரும் சாப்பிட வேண்டும். என் மாமியாருக்கு வருஷத்தில் தீபாவளி கூட இரண்டாம்பட்சம். விளக்கேற்றும் நேரத்தில் நான் வாசலில் ஏறியதும் அவர் கையில் தீப்பெட்டி அப்படியே நின்றது.

"இன்னாம்மா இது, வெள்ளிக்கெழம வெளக்கு வெக்கற நேரத்துல தலைய விரிச்சிப் போட்டுக்கினு வர்ற?"

"கட்டக் கூடாதாம் அத்தே. மூணு நாளு."

"யாரு சொன்னது?"

"சலூன்ல."

"சலூன்காரி உனுக்கு மாமியாரா?"

நாளைக்குத் தலைக்கும் ஊற்றக் கூடாது என்பதை அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை. விடிகாலையில் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "சரி, ஊத்திக்காத. நீ ஓரமா குந்திக்கினு இரு. நானே எல்லாம் ஆக்கிக்கறேன்" என்றார். அவருக்கு முழங்கால் வலி. தலைக்கு ஊற்றாதவள் தளிகைக்கு அடுப்பு பக்கம் போகக் கூடாது, அவர் ஒருத்தரே நின்று எல்லாவற்றையும் ஆக்க வேண்டும். நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேனாம். வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனோடு மாடிக்குப் போய்விட்டார்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "அந்த மேஜ வேலை இந்த முடிய வெச்சித்தான் தருவாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே போய்த் துணிக்கடையில் கொடுக்கும் பெரிய பாலித்தீன் கவர் ஒன்றை எடுத்துவந்தார்.

"தண்ணி தலமேல வுழணும், அதான. முடி நனையணும்னு எவன் சொன்னான்?"

கவரை என் தலையில் கவிழ்த்து, முடி முழுக்க உள்ளே தள்ளி, நெற்றியிலிருந்து பிடரி வரை பாவாடை நாடாவால் சுற்றி இறுக்கிக் கட்டினார். கோவிந்தா, கோவிந்தா என்று அவரே மூன்று சொம்பு ஊற்றினார். தண்ணீர் கவர்மேல் படபடவென்று மழை மாதிரி விழுந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து அப்படிச் சிரித்ததில்லை. சமையல் ஆவியும் படக் கூடாதே என்று அவருக்குத்தான் தோன்றியது. அதனால் கவரைக் கழற்றவே இல்லை. நெற்றியில் நாமமும் தலையில் துணிக்கடை பேருமாக, தளிகை போட்டு முடிக்கும் வரை அடுப்பு முன்னால் நின்றேன். உள்ளே வியர்வை ஊற்றியது. நாடா இறுகிக்கொண்டே போனது. எனக்கு அது தெரிந்தது, கொஞ்ச நேரம்தானே என்று விட்டேன்.

மத்தியானம் கழற்றினோம். நாடா இருந்த இடத்தில் தலையைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மூட்டையை நடுவில் கயிறு போட்டு இறுக்கின மாதிரி, அதற்கு மேலே முடி வழவழவென்று படிந்திருக்க, கீழே பாவாடை மாதிரி விரிந்து நின்றது. வாரிப் பார்த்தோம், போகவில்லை. இரும்புக் கம்பியை வளைத்துவிட்ட மாதிரி அங்கேயே நின்றது.

திங்கட்கிழமை மேனேஜர் பார்த்தார். "முந்தே பாகுண்டிந்தி கதம்மா" என்றார். முன்னால் இருந்ததே நன்றாக இருந்ததாம்! அந்த வார்த்தையை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று என்னை மறுபடி ஜன்னல் இல்லாத அறைக்கு அனுப்பினார். சலூனுக்கு ஓடினேன். "நீங்க ரூல்ஸ் ஃபாலோ பண்ணல மேம்" என்றாள் அவள், பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி. அந்தப் பள்ளத்தின்மேல் மறுபடி க்ரீம் தடவி மறுபடி சூடு வைத்து இழுத்தாள். தாங்குமா என்று கேட்டேன். சேஃப் மேம் என்றாள். நாலாவது நாள் தலைக்கு ஊற்றும்போது முடி கையோடு வந்தது. கொத்துக் கொத்தாக, எங்கே நாடா இருந்ததோ அதே இடத்தில் ஒடிந்து ஒடிந்து வந்தது. குளியலறைத் துவாரம் அடைத்துக்கொண்டு தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. நான் அந்தத் தண்ணீரில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று வீட்டுக்காரர் வந்து என் தலையைப் பார்த்துவிட்டு, "வேற ஒரு சலூன்ல கேட்டுப் பாக்கலாமா?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அந்த நல்ல எண்ணம்தான் எனக்குத் தாங்கவில்லை.

"மலைக்குப் போலாம்" என்றேன்.

"எதுக்கு?"

"மொட்ட."

அலிபிரியிலிருந்து நடந்தே ஏறினோம். மலையில் மொட்டையடிக்கும் கல்யாணகட்டாவில் பெண்களுக்குப் பெண்களே முடி எடுக்கிறார்கள். என் முறை வந்ததும் அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "குண்டா, மூடு கத்தெர்லா?" என்று தெலுங்கில் கேட்டாள். முழு மொட்டையா, அல்லது பெண்கள் பலர் கொடுக்கிற மாதிரி பேருக்கு மூன்று கத்திரிப்பு மட்டும் போதுமா என்று கேட்கிறாள். குண்டு என்றேன். அவ்வளவுதான் பேச்சு. இது என்ன முடி, இதற்கு என்ன பண்ணினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு விரலால் தூக்கிப் பார்க்கவில்லை. தலையைத் தண்ணீரில் நனைத்தாள். உச்சியிலிருந்து காதோரம் வழிந்து முதுகு வரை இறங்கியது. ஒரு கவரும் நடுவில் இல்லை. பள்ளம் விழுந்த முடி மடியில் விழுந்தது. அந்தத் தழும்போடு அது எந்த தேசத்துக்கு விக்காகப் போனதோ தெரியாது.

எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. பெருமாள் முன்னால் நின்றபோதும் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கோபமாக இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சித்தூரில் மாமியார் என் மண்டையில் சந்தனத்தைத் தடவிக்கொண்டே, "இன்னா வேண்டிக்கின?" என்று கேட்டார். ஒண்ணுமில்ல அத்தே என்றேன். "அந்தக் கவர நான் கட்டாம இருந்துருக்கணும்" என்றார். கவர் மேலே தப்பில்லை என்று சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். இந்த விஷயத்தில் எனக்காக ஏதாவது யோசித்தவர் அவர் ஒருத்தர்தான்.

ஓட்டலுக்குப் போனேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இரண்டு கையும் கூப்பி, "கோவிந்தா! மொக்கு தீர்ச்சுகுன்னாரா அம்மா?" என்றார். மொக்கு என்றால் வேண்டுதல். லட்டு இருக்கிறதா என்று கேட்டார், கொடுத்தேன். அன்றைக்கே என்னை வரவேற்பு மேஜையில் உட்காரவைத்தார். முடி இருந்தபோது அதில் குறை கண்ட அதே வாய், முடியே இல்லாதபோது கோவிந்தா போட்டது! நெற்றியோரத்தில் நாலு முடி கிளம்பி நின்றால் கெஸ்ட் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டவருக்கு, மொட்டைத் தலையோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பதில் கவலையே இல்லை. வருகிறவர்களும் அப்படித்தான், என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைக் கேட்டார்கள். இந்த ஊரில் பெண் தலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காமல் இருக்க வேண்டுமென்றால் அது சாமியுடையது என்று ஆகிவிட வேண்டும் போலிருக்கிறது.

பனி போய் வெயில் ஏறியது. முடி இரண்டு விரல்கடை வளர்ந்தது. முதலில் நேராகத்தான் வந்தது, பிறகு நுனி மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் நைனா நின்றார். மேனேஜர் போகும்போதும் வரும்போதும் என் தலையை ஒரு நொடி கூடுதலாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. பதிலையும் தயாராக வைத்திருந்தேன். இன்னொரு மொக்கு இருக்கிறது, அதுவரை இந்த முடியில் கத்தியோ மருந்தோ படக் கூடாது என்று சொல்வேன். பெருமாள் பேரைச் சொன்னால் அவர் கைகூப்பிக்கொண்டு போய்விடுவார்.

போன வாரம் மேஜைக்கு முன்னால் திருவண்ணாமலையிலிருந்து வந்த ஒரு குடும்பம் சாவிக்காகக் காத்து நின்றபோது அவர் வந்தார். "அம்மா, ஹேர் மறுபடி கொஞ்செம்..." என்று ஆரம்பித்தார்.

மொக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. நான் ஒரு தப்பும் செய்யாதபோது எதற்குப் பெருமாளைப் போய் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்?

"இது என் முடி சார். இப்பிடித்தான் வளரும்" என்றேன். தமிழில் சொன்னேன். புரியாமல் போய்விடக் கூடாது என்று தெலுங்கிலும் ஒரு முறை சொன்னேன்.

அவர் அந்தக் குடும்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை தானாகப் போய் இடது காதோரத்து முடியை வலது பக்கம் தடவிவிட்டது. "சரே, சரே" என்று சொல்லிக்கொண்டே தன் அறைக்குப் போனார். நாளைக்கு என்ன சொல்வாரோ, பின்கட்டு அறைக்கு அனுப்பினாலும் அனுப்புவார். அனுப்பினால் இதே முடியோடுதான் போவேன். காத்திருந்தவர்களிடம் வெந்நீர் காலையில் மட்டும்தான் வரும் என்று சொல்லி, சாவியை எடுத்துக் கொடுத்தேன்.